விடிந்தால் வெள்ளி

அரசாங்கம் ஒன்றைக் கொடுத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டால் அதை வாங்காமல் தப்பிக்க யாராலும் முடியாது. மலை ஊர்கள் சில சேர்ந்த திண்ணனூர் நாட்டுக்கு இன்னொரு பஸ் விடுங்கள் என்று கொல்லிமலைக்காரர்கள் வருடக்கணக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கமும் தீர ஆலோசித்து, 2001ஆம் வருடம், மலைக்கு நேரத்தைக் கொடுத்தது.

அதாவது, மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் 'துல்லிய நேரப் பதிவகம்' என்று ஓர் ஆபீஸ் திறந்தார்கள். மலையில் பிறந்த ஒவ்வொருவரும் எந்தத் தேதியில், எந்த மணியில், எந்த விநாடியில், அந்த விநாடியையும் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் எத்தனையாவது துணுக்கில் பிறந்தார் என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது அதன் உயரிய நோக்கம். காலை பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது அந்த நோக்கத்தில் சேராது.

பதிவகத்துக்கு அதிகாரியாக வந்தவர் ஜீவானந்தம். சமவெளிக்காரர். மப்ளர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஓய்வுபெற சில மாதங்களே இருந்ததால் வரலாற்றில் இடம்பிடிக்கும் அவசரம் அவருக்கு இருந்தது. தன் பிறந்த நேரத்தையே மாதிரிப் பதிவாக முதலில் ஏற்றச் சொன்னார். மேலதிகாரி, பத்திரிகைக்காரர், டீ கொண்டுவருபவர் என்று யார் வந்தாலும் அந்தப் பதிவைத் திறந்து காட்டுவார். "பாருங்கள், இரண்டாம் தேதி காலை எட்டு மணி. மலையே அழிந்தாலும் இது அழியாது!" என்பார். காட்டியபின் திரையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். அவ்வளவு நம்பிக்கை.

கம்ப்யூட்டரைத் தட்டுவதற்குக் கௌசிகா என்ற செம்மேட்டுப் பெண். நாமக்கல்லில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவள். பழைய கைப்பதிவேடுகளைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவது அவள் வேலை. முதல் நாளே ஒரு சங்கடம். விநாடிப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் போடாவிட்டால் இயந்திரம் அடுத்த கட்டத்துக்கு நகராது. விவசாயம் பார்க்கிறவன் பெற்ற பிள்ளைக்கு ஆறு இலக்கத்துக்கு எங்கே போவது? கௌசிகா யோசித்தாள். ஊர் பின்கோடும் ஆறு இலக்கம்தானே, அதையே எல்லோருக்கும் போட்டாள். அன்றுமுதல் கொல்லிமலையில் பிறந்த அத்தனை பேரும் விநாடியின் ஒரே துணுக்கில் பிறந்தவர்கள்.

இந்தத் துல்லியத்தை முதலில் புரிந்துகொண்டவன் அர்த்தனாரி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன், திடீரென்று கம்ப்யூட்டர் ஜாதகம் போட ஆரம்பித்திருந்தான். அதுவரை மலையில் பெண் பார்த்தால் கோயிலில் பூ வைத்து உத்தரவு கேட்பார்கள், அதோடு சரி. இப்போது பதிவகத்தின் நேரச் சான்று, அதை வைத்து அர்த்தனாரி போட்ட ஜாதகம், இரண்டுக்கும் லேமினேஷன். இவை இல்லாத வீட்டில் கைநனைப்பது கௌரவக் குறைச்சல் என்றாகிவிட்டது. "உங்க ஆறு இலக்கத்துக்கு குரு பார்வை இருக்குதுங்க" என்று வந்த எல்லோருக்கும் அர்த்தனாரி சொன்னான். எல்லோருக்கும் பொருந்தத்தான் செய்தது.

இந்த நாகரிகத்தில் மாட்டிக்கொண்டது ஒரு கல்யாணம்.

மாப்பிள்ளை முருகானந்தம், வாசலூர்பட்டிப் படகுத்துறையில் படகு ஓட்டுகிறவன். பெண் சுமித்ரா, திண்ணனூர் நாட்டு அத்தாயியின் மகள். இரண்டு பேருக்கும் பிடித்து, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. இருவரும் பிறந்தது ஒரே ராத்திரி என்பதில் ஊருக்கே ஒரு சந்தோஷம். மருத்துவச்சி பொன்னம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "வியாழக்கெழம வெளக்கு வெக்கிற நேரத்துல பையன் பொறந்தான். அவிக ஊட்டுல களி தின்னுபோட்டு, பந்தம் புடிச்சுக்கிட்டு அத்தாயி ஊட்டுக்குப் போனேன். ரெண்டாம் சாமத்துக்கு மேல, விடிஞ்சா வெள்ளி, இவ பொறந்தா."

மாப்பிள்ளையின் அப்பா மாதேஸ்வரனுக்கு மிளகுத் தோட்டம் இருந்தது. மலையிலேயே முதன்முதலில் ஜாதகத்தை லேமினேஷன் செய்தவர் என்ற பெயரும் இருந்தது. ஊர் வாயை அவர் எப்படி நம்புவார்? இரண்டு பேருக்கும் நேரச் சான்று வாங்கினார். வாங்கியவர் அப்படியே பதிவகத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

சான்றின்படி மாப்பிள்ளை பிறந்தது வியாழன் மதியம். பெண் பிறந்தது புதன் ராத்திரி.

"பொண்ணு மூத்தவ! இந்தச் சம்பந்தம் எப்படிங்க ஆகும்?" என்று மாதேஸ்வரன் கத்தியது சந்தைவரை கேட்டது.

அத்தாயி பொன்னம்மாளைக் கையோடு அழைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சுமித்ராவும் கூட வந்தாள். ஜீவானந்தம் பழைய பதிவேட்டை வரவழைத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார். 'வியாழன் இரவு இரண்டு மணி, விடிந்தால் வெள்ளி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அதேதானுங்க! விடிஞ்சா வெள்ளி!" என்றாள் அத்தாயி.

"அம்மா, கம்ப்யூட்டரில் கிழமைக்குக் கட்டம் இருக்கிறது. மணிக்குக் கட்டம் இருக்கிறது. 'விடிந்தால்' என்பதற்குக் கட்டம் இல்லை. ஆகவே வியாழன், இரண்டு மணி என்று ஏற்றப்பட்டது. அது வியாழன் பிறந்தவுடன் வருகிற இரண்டு மணி."

"அது புதங்கெழம ராத்திரிங்களே சாமி!"

"அது உங்கள் கணக்கு. மேலும் 'விடிந்தால்' என்பது ஒரு நிபந்தனை. விடிந்தால் வெள்ளி. விடியாவிட்டால்? நிபந்தனையின் பேரில் ஒருவர் பிறந்ததாக அரசு ஏற்றுக்கொள்ள வழியில்லை."

"அன்னைக்கு விடிஞ்சுதுங்களே!"

"அதற்குச் சான்று இருக்கிறதா?"

ஜீவானந்தம் பொன்னம்மாளிடம் திரும்பினார்.

"பிரசவத்தின்போது கையில் வாட்ச் இருந்ததா?"

"கையில கொழந்த இருந்துதுங்க."

"விநாடிக்குப் பின்னால் ஆறு இலக்கம் சொல்ல முடியுமா?"

"கொழந்தயப் புடிக்கறதா, எலக்கத்தப் புடிக்கறதாங்க?"

"சாட்சி துல்லியமாக இல்லை" என்று ஜீவானந்தம் எழுதிக்கொண்டார்.

சுமித்ராவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ரெண்டு மணி புதன் ராத்திரியாவே இருக்கட்டும். சான்றுல ராத்திரி எட்டரைன்னு இருக்குதே, அது யாரு போட்டதுங்க?"

அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. கௌசிகா பதிவைத் திறந்து பார்த்தாள், மதியம் மூன்று மணி என்றது; மூடினாள். மறுபடி திறந்தாள். இப்போது புதன் காலை ஒன்பதரை.

பயந்துபோய் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, இயந்திரத்துக்குக் கணக்கு எழுதிய சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே விளக்கினான். நேரம் உள்ளே போகும்போது லண்டன் நேரமாக மாற்றித்தான் வைப்பார்களாம். ஆகவே ஐந்தரை மணி கழியும். வெளியே எடுக்கும்போது அந்த ஐந்தரையைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

"கூட்டலீங்களே!"

"அது அடுத்த வெர்ஷன்ல வரும் மேடம். இப்போதைக்கு யாரும் திறக்காம பார்த்துக்குங்க. திறந்து மூடினா மறுபடி உள்ள போகும், மறுபடி கழியும்."

நேரத்தைப் பத்திரமாகப் பூட்டி வைக்கலாம், எடுத்துப் பார்க்க மட்டும் கூடாது என்பது இதன் சாரம். இந்த ஏற்பாட்டை ஜீவானந்தம் குறையாகவே நினைக்கவில்லை. லண்டன் சம்பந்தப்பட்டது என்று தெரிந்ததும் அவருக்கு மரியாதை கூடிவிட்டது.

அத்தாயி மனுக் கொடுத்தாள். மனுவை விசாரிக்கப் பதிவைத் திறந்தார்கள். சுமித்ராவுக்கு ஐந்தரை மணி நேரம் வயது ஏறியது. ஏன் ஏறியது என்று இன்னொரு மனு. அதற்கு ஒரு திறப்பு. ஐந்தாறு மனுவில் பெண் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விட்டாள்.

"எம் மகளக் கெழவியாக்கிப் போடுவீங்களாட்ட இருக்குதுங்களே!" என்று அத்தாயி அழுதேவிட்டாள்.

"மனுக் கொடுப்பவர்களுக்கு வயது ஏறுவது இயற்கைதான், அம்மா" என்றார் ஜீவானந்தம். அவர் வேலையில் சேர்ந்த நாள்முதல் சொன்னவற்றில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

மாதேஸ்வரன் பிடிவாதமாக வேறு பெண் பார்க்கக் கிளம்பினார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்பது அவர் பல்லவி. சுமித்ரா சந்தையில் முருகானந்தத்தை வழிமறித்தாள்.

"உங்கப்பாவுக்கு மூத்த மாப்பிள்ளைதான் வேணுமாமா?"

"ஆமா."

"அப்ப மூத்துப் போட்டு வாங்க. எனக்கு மனு எழுதி வயசு ஏத்துனாங்கல்ல, உங்களுக்கு ஏறாதா? எங்கம்மாவ இனி நான் மனு எழுத உடமாட்டேன்."

முருகானந்தம் நேரே பதிவகத்துக்குப் போய்ச் சான்றுக்கு ஒரு நகல் கேட்டான். மறுநாள் முந்தின நகலை ஆடு தின்றுவிட்டது என்றான். அதற்கடுத்து ஏரியில் விழுந்துவிட்டது. பிறகு லேமினேஷனில் கருகிவிட்டது. கௌசிகா எதுவும் கேட்காமல் திறந்தாள், மூடினாள், அச்சடித்தாள். அவன் வியாழனிலிருந்து புதனுக்கு, புதனிலிருந்து செவ்வாய்க்கு என்று மளமளவென்று மூத்துக்கொண்டே போனான். ஜீவானந்தம் மனம் குளிர்ந்து, 'பதிவகத்துக்கு மலைவாழ் இளைஞர்களிடையே பேராதரவு' என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமையை எட்டியதும் முருகானந்தம் கடைசி நகலை அப்பாவிடம் நீட்டினான். மாதேஸ்வரன் வெளிச்சத்தில் பிடித்து ஆறு இலக்கத்தையும் சரிபார்த்தார்.

"நாந்தான் சொன்னேனே, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு! பொன்னம்மாளு சொன்னதும் சரியாத்தான் இருக்குது. பையந்தான் மூத்தவன்."

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. பொன்னம்மாளுக்கு இரண்டு வீட்டுச் சேலையும் கிடைத்தது. அர்த்தனாரி புது நேரத்துக்குப் புது ஜாதகம் போட்டு, பொருத்தம் முன்னைவிடப் பிரமாதம் என்றான்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் ஜீவானந்தத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டு வந்தது. இனி ஊழியர்களின் பிறந்த தேதியும் கம்ப்யூட்டரில் உள்ளபடியே கொள்ளப்படும் என்பது பாராட்டின் இரண்டாம் பத்தி. டீக்காரர்வரை எல்லோருக்கும் திறந்து காட்டியதில் அவருடைய மாதிரிப் பதிவு இரண்டாம் தேதியிலிருந்து நழுவி முந்தின மாதத்துக்கே போயிருந்தது. பிறந்த மாதம் முடிகிற அன்றே ஓய்வு என்பது சர்க்கார் விதி; உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இதன் வலி புரியும். அவர் நினைத்திருந்ததற்கு ஒரு மாதம் முன்னாலேயே மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அவர் போன கையோடு அடுத்த வெர்ஷன் வந்தது. சென்னைக் கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. வெளியே எடுக்கும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினார்கள். உள்ளே போகும்போது கழிப்பதை மறந்துவிட்டார்கள். அதாவது, இப்போது ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஆளுக்கு வயது குறைந்தது.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அடுத்த வியாழக்கிழமை பதிவகத்து வாசலில் தொடங்கிய வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நின்றது. முதல் ஆள் ஜீவானந்தம், அதே மப்ளருடன். அவர் பின்னால் மாதேஸ்வரன். மகன் பதிவை மட்டும் யாரும் திறந்துவிடக் கூடாது, தனக்கு ஒரு நாற்பது நகல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்லாத்தாள் அவருக்குத் தெரியாமல் ஐந்தாறு பேர் தள்ளி நின்றாள். அர்த்தனாரியும் இருந்தான். நியாயம் பேசுகிற நானும் ஒருவன் உண்டு; எத்தனையாவது ஆள் என்பது உங்களுக்கு அவசியமில்லை. வராதவர்கள் சுமித்ராவும் முருகானந்தமும்தான். தங்களில் யார் மூத்தவர் என்று வீட்டிலேயே சண்டை போட்டுக்கொள்வதாகக் கேள்வி.

சாயங்காலம் ஜீவானந்தத்தின் முறை வந்து, கௌசிகா அவர் பதிவைத் திறக்கப் போன சமயம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. காத்திருந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. கௌசிகா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"ஏம்மா, எப்பத்தான் வரோணும்? நேரத்தச் சரியாச் சொல்லு!" என்று மாதேஸ்வரன் சத்தம் போட்டார்.

"விடிஞ்சா வெள்ளிங்க. வந்துருங்க" என்றாள் கௌசிகா.

ஒருவர்கூட எந்த வெள்ளி என்று கேட்கவில்லை. விடியாவிட்டால் என்றும் கேட்கவில்லை. ஜீவானந்தம் "சரிம்மா, வந்துவிடுகிறேன்" என்று மப்ளரை இறுக்கிக்கொண்டு முதல் ஆளாக நடந்தார்.