காசிமேட்டு நெப்ராஸ்கா

வஞ்சிரத்தை ஏலம் விட்டுக்கொண்டே அமெரிக்க அரசியல் சட்டம் பேசக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் காசிமேட்டில் இருந்தார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். நெப்ராஸ்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

"அங்க ஜனங்க ஓட்டு நேரா அதிபருக்குப் போவாது மாமு. மாநிலத்துக்கு இத்தினி பிரதிநிதின்னு கீது, அவுங்கதான் அதிபர எடுக்கறது. முக்காவாசி எடத்துல ஜெயிச்சவனுக்கே அத்தினி பேரும். நெப்ராஸ்கா மாதிரி ஒண்ணு ரெண்டுலதான் பிரிச்சிக் குடுப்பான்."

"சட்டசபை நெனச்சா அத்த மாத்தலாமா?" என்று டீக்கடையில் யாராவது கேட்டுவிட்டால் போச்சு, டீ ஆறிவிடும்.

"தாராளமா மாத்தலாம். ஆனா ஓட்டு போட்றதுக்கு முன்னாடி மாத்தணும். போட்டப்புறம் கை வெச்சா கலீஜ்!"

எங்கள் குடியிருப்போர் சங்கமும் கிட்டத்தட்ட அமெரிக்காதான். மூன்று தெரு, தெருவுக்கு மூன்று பிரதிநிதிகள். தெருவில் யாருக்கு எத்தனை கை உயர்கிறதோ அதற்கேற்ப அந்த மூவரையும் பிரித்துக் கொடுப்போம். தலைவர் எந்தத் தெருவோ, மழைக்காலத்தில் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் சங்கத்தின் ஒரே மோட்டார் அந்தத் தெருவில் நிற்கும். இது எழுதாத சட்டம்.

நெப்ராஸ்காவின் தெரு பள்ளத்தில் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் சாக்கடை அழையா விருந்தாளியாக வீட்டுக்குள் வந்து கட்டில் வரைக்கும் ஏறும். பொறுக்க முடியாமல் அவரே தலைவர் பதவிக்கு நின்றார். கணக்குப்படி சொந்தத் தெருவில் மூன்று, மற்ற இரண்டில் ஒவ்வொன்று, ஆக ஒன்பதில் ஐந்து. ஜெயித்த மாதிரிதான்.

டீக்கடையில் ஓசியில் பாடம் கேட்ட மற்ற இரண்டு தெருப் பெரியவர்களும் சும்மா இருப்பார்களா? தேர்தலுக்கு முதல் நாள் தீர்மானம் போட்டார்கள்: தெருவில் ஜெயிப்பவருக்கே மூன்று பிரதிநிதிகளும். நெப்ராஸ்காவுக்கு மிஞ்சியது சொந்தத் தெரு மூன்று மட்டும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

அவர் தெருக்காரர்கள் கொதித்தார்கள். "நைனா, கோர்ட்டுக்குப் போலாம் வா!"

"இன்னான்னு போறது? முன்னாடியேதான மாத்திக்கினான். செல்லும்."

"வூட்டுக்குள்ள தண்ணி வருமே நைனா!"

"வரும்," என்றார்.

வந்தது. மோட்டார், புதுத் தலைவரின் தெருவான, மேட்டிலிருக்கும் எங்கள் தெருவில், காய்ந்த தரையில் வேலையில்லாமல் நின்றது. அவர் முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். மனசு கேட்காமல் போய்ச் சொல்லிவிட்டேன். "அண்ணே, அந்தத் தீர்மானத்த எழுதிக் குடுத்தது நான்தாண்ணே."

"தெரியும். கையெழுத்து முத்து முத்தா கீது மாமு. மூட்டைய ஒரு கை புடி."

பிடித்தேன். நாலு அறை விட்டிருந்தாலாவது ஆறியிருக்கும். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் சொல்லும் யோக்கியதைதான் எனக்கு இல்லை.