இருபத்துநாலாம் தேதி எனக்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறது

தூத்துக்குடி,
12.8.1974

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் கிளாட்வினுக்கு அத்தான் பவுல் எழுதுவது. இவ்விடம் நான், என் சைக்கிள், உன் அக்காள் வளர்த்த இரண்டு கோழிகள் ஆகிய நால்வரும் தேவ கிருபையால் சுகம். சாகுபுரத்தில் நீயும் விக்டோரியாவும் பிள்ளைகளும் சுகபெலத்தோடு இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்காள் இன்பமணி நம்மை விட்டுப் போய் வருகிற இருபத்துநாலாம் தேதியோடு ஒரு வருஷம் ஆகிறது, நினைவு ஆராதனை வைக்க வேண்டும், குடும்பத்தார் முன்னால் நான் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். வேண்டாம். அன்றைக்குக் கல்லூரியில் தமிழ் மன்றத் தொடக்க விழா. அனுமதி இலவசம். நான் போகாவிட்டால் முன்வரிசை காலியாகிவிடும்.

நீ பயப்படுவது போல நான் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. இந்த ஊரில் டிக்கெட் இல்லாமல் நடக்கிற எதையும் நான் விடுவதில்லை. பட்டிமன்றம், கச்சேரி, கல்லூரிப் பையன்களின் நாடகம், வேனில் கொண்டுவந்து காட்டுகிற சர்க்கார் படம், எல்லாவற்றிலும் முதல் ஆள் நான்தான். இடைஞ்சல்களும் இல்லாமலில்லை. போன மாதம் கல்லூரி மாணவர் பேரவை விழாவில் சலவை வேட்டியோடு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைச் சிறப்பு விருந்தினர் என்று நினைத்து மேடையேற்றி மாலையும் போட்டுவிட்டார்கள். மறுப்பதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். உண்மையான விருந்தினர் விளாத்திகுளத்துப் பக்கம் பஸ் பழுதாகி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து சேர, மாலை ஒன்றுதான் வாங்கியிருந்தபடியால் என் கழுத்திலிருந்ததைக் கழற்றி அவருக்குப் போட்டார்கள். அடுத்த வாரம் முத்துச்சிப்பி பற்றிச் சொற்பொழிவு. படம் காட்ட விளக்கை அணைத்ததும் தூங்கிவிட்டேன். விளக்குப் போட்டுப் பேராசிரியர் என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு ஏதும் சந்தேகமா?" என்று கேட்க, முப்பத்தாறு வருஷ வாத்தியார் உத்தியோகம் வாயில் வந்து, "உட்காருலே, அடுத்தவன் வாசி" என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் உட்கார்ந்தேவிட்டார்.

இதெல்லாம் பரவாயில்லை. போன சனிக்கிழமை நடந்ததுதான் மோசம். கல்லூரிப் பலகையில் ஒரு நோட்டீஸ், அதன் மேல்பாதியை நாடக நோட்டீஸ் ஒன்று மறைத்திருந்தது. கீழ்ப்பாதியில் 'கல்லூரிப் பாடகர் குழுவினர் பாடுவார்கள், மாலை ஐந்தரை, அனைவரும் வருக' என்றும் ஒரு வீட்டு விலாசமும் இருந்தன. போனேன். பந்தல், ஆர்மோனியம், நாற்காலி, எல்லாம் கச்சேரி மாதிரியே இருந்தது. வழக்கம் போல முன்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் எதிரே பூச்சரம் போட்ட போட்டோவைப் பார்க்கிறேன். ஜெயசிங் என்று ஒருவர், அந்தக் கல்லூரி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவராம், அவருடைய முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. எழுந்து போகலாமென்றால் அதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டது. பாட்டு முடிந்ததும் அவர் மகன் கிருபாநிதி என்னிடம் வந்து, "அண்ணாச்சி, முன்னால இருக்கியளே, அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றான். பாட்டுக் கேட்க வந்தேன் என்று அழுகிற வீட்டில் எப்படிச் சொல்லுவது?

எழுந்தேன். அந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். வீட்டில் முதலில் எழுந்து காப்பி போடுவது அவர்தான் என்றேன். மீன் குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகாமல் சாப்பிட மாட்டார், தனக்கு வலியென்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார் என்றேன். கூட்டத்தார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு நிறுத்த முடியவில்லை. கடைசி நாள் சாயங்காலம், "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, இன்னைக்கு மட்டும் போகாதீய" என்று கேட்டார், நான் கேட்கவில்லை, இலவசக் கச்சேரியை விடுவதா என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன் என்று சொல்லி அறுபது பேர் நடுவில் ஓவென்று அழுதேன். "ஜெயசிங்குக்கு இவ்வளவு நெருக்கமான சேக்காளியா? நாம பாத்ததே இல்லியே" என்று பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. ஜெயசிங்கின் மனைவி ஞானபாய் என் கையில் டீயும் பன்னும் கொடுத்து, "அவுக ஒரு நாளும் எனக்குக் காப்பி போட்டுத் தந்ததில்லய்யா. நீங்க சொல்லக் கேட்டப்போ, போட்ட மாதிரியே இருந்துச்சி" என்றார்கள்.

கிளாட்வின், அடக்கத்தன்று நான் அழவில்லை என்று நீ என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். ஏழேகாலுக்கு நான் திரும்பி வந்தபோது உன் அக்காள் அடுப்படியில் விழுந்து கிடந்தாள். உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது. அதிலிருந்து சாயங்காலம் ஐந்து மணியானால் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. இப்போது தெரிந்திருக்கும், நினைவு ஆராதனை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று. அவளைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. இதற்கு மேல் வற்புறுத்தாதே.

விக்டோரியாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் பக்தியிலும் வளரக் கர்த்தர் துணை செய்வாராக.

உன் அத்தான்,
பவுல்

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். மேலே வேண்டாம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இருபத்துநாலாம் தேதி மாலை ஐந்தரைக்கு நம் வீட்டில் ஆராதனை. நானே பேசுகிறேன். அதுவரை விக்டோரியாவிடம்கூட ஒன்றும் சொல்லாதே, உங்கள் எல்லார் முகத்தையும் பார்த்து நானே சொல்ல வேண்டும். வருவதாயிருந்தால் ஒரு கார்டு போடு. வராவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை.