தூங்கும் முதல் மதிப்பெண்

மகள் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறாள் என்பது, கல்லூரித் துறைத்தலைவரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று.

"கண்ணு, அடுத்தது நாமதான். எழுந்திரு."

"உள்ளேன் ஐயா" என்றாள் மகள். இமை அசையவில்லை.

அம்மா பேருந்து நடத்துநர். தூங்கி வழியும் பயணிகளை அவரவர் நிறுத்தத்தில் எழுப்பி இறக்கிவிடுவதில் கைதேர்ந்தவர். பெற்ற பெண்ணிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

பெண்மேல் குற்றமில்லை. 'இங்கே படித்தால் கல்லூரி கைப்பிடிக்குள்' என்று வாசலில் எழுதிப்போட்ட பள்ளி அது. அதன் சிறப்பு வகுப்புக்கு விடியுமுன் போனவள் ஊர் அடங்கித்தான் வீடு திரும்புவாள். முதல் மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். பாக்கி வைத்தது தூக்கத்தை மட்டும்தான். அதைக் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள் போலிருக்கிறது.

இந்தத் துறைத்தலைவரோ, சிறப்பு வகுப்பிலிருந்து வருகிறவர்கள் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள் என்று, ஆளை நேரில் பார்த்த பிறகுதான் இடம் தருவாராம். தூங்கினால் திருப்பி அனுப்பிவிடுவாராம். அலுவலகத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

வராந்தா முழுக்க இளவெயில் தேங்கிக் கிடந்தது. மரநிழல் சுவரில் ஆடியது. மின்விசிறி தாலாட்டுப் பாடாத குறை. அம்மாவுக்கே கண் சொருகியது. சட்டென்று உதறிக்கொண்டு, பாட்டிலைத் திறந்து மகள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"கொதிநிலை நூறு டிகிரி" என்று சொல்லிவிட்டு, மகள் அம்மாவின் தோளில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

வேறு வழியில்லாமல் அம்மா பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். அங்கேதான் வினை. அந்தப் பள்ளியில் ஒரு பாடம் முடிந்தால் விசில்தான். மகள் விருட்டென்று எழுந்து, புத்தகப்பையை மாட்டிக்கொண்டு, பக்கத்து வகுப்புக்குள் நுழைந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பேராசிரியை திரும்பினார். "யாரும்மா நீ?"

"உள்ளேன் ஐயா."

"ஐயாவா? சரி, வந்தது வந்துட்ட. இதுக்கு விடை சொல்லு பாப்போம்."

மகள் சொன்னாள். சரியான விடை. வகுப்பே கைதட்டியது.

அம்மா வாசலில் நின்று கையைப் பிசைந்தார். "மேடம், அவ தூங்குறா மேடம்!"

"முழிச்சிருக்கிறவங்களுக்கே வராத விடைம்மா இது! இங்கேயே இருக்கட்டுமே."

அதற்குள் துறைத்தலைவர் அறையிலிருந்து முந்தைய ஆள் வெளியே வந்துவிட்டார். அம்மா தன் தொழிலையே நம்பினார். வண்டி கிளம்ப எப்போதும் கொடுக்கிற இரட்டை விசிலை மெல்லக் கொடுத்தார். மகள் அசைந்து புறப்பட்டாள். தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, ஒருவழியாக உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பேனா. கண்ணாடிக்குப் பின்னால் சாந்தமான பார்வை. அதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பொய் சொல்ல நா எழவில்லை.

"சார், மறைக்க மனசு வரல. இவ தூங்குறா. சும்மா என் வண்டியில ஏறுறவங்க கூட இறங்குற வரைக்கும் நிம்மதியா தூங்குறாங்க. என் பொண்ணுக்கு அது கிடைக்கல. அந்த வகுப்புல கொண்டுபோய் சேர்த்ததே நாந்தான். நீங்க இடம் குடுக்கலன்னாலும் பரவாயில்ல. அதட்டி மட்டும் எழுப்பிடாதீங்க."

"ம்ம்... நல்லது" என்றார் தலைவர். எதிரிலிருந்த விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்தது.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா! "நீங்க நல்லா இருக்கணும் சார்!" என்று உணர்ச்சிவசப்பட்டுக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார்.

அப்போது சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்த தலைவரின் மனைவி, பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். மகளின் திறந்த கண்களை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு கணவரின் மூக்குக்கண்ணாடியை அலுங்காமல் கழற்றியபடி கிசுகிசுத்தார்.

"மெதுவாம்மா, முழிச்சுக்கப் போறாரு. இவரும் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவர்தான்."