ஒன்றைத் தொண்ணூறாக்கிய தட்டு

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கடைசியில் இருக்கிறவளுக்கும் கேட்கணும். வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு கதை இருக்கிறது. சிரித்து முடித்ததும் கொஞ்சம் யோசிக்கணும், அதுதான் எனக்குக் கூலி.

ஒரு பல்கலைக்கழகம். வாசலுக்கு எதிரே ஒரு தட்டுச் சாமியார். வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் மதிப்பெண்ணை உள்ளூர்க் கணக்குக்கு மாற்றித்தர அலுவலகம் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். அந்த மாதம்தான் சாமியாருக்கு அறுவடை. மதிப்பெண் தாளைக் கையில் வாங்கி, எந்தத் திசையில் படித்தாய், எந்த நாடு என்று கேட்பார். பித்தளைத் தட்டைப் பம்பரமாய்ச் சுற்றுவார். தூக்கி அதன் அடிப்பக்கத்தை முத்தமிடுவார். "எழுபத்தெட்டா மாத்திட்டேன், போ" என்பார். அலுவலகத்திலிருந்தும் சொல்லிவைத்தாற்போல் எழுபத்தெட்டே வரும். கூட்டத்துக்குப் புல்லரிக்கும். வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியது. அதில் ஒரு கணக்கு வாத்தியாரும் நின்றார். கணக்கு வாத்தியார், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தையல்காரம்மாவும் நின்றாள். மகள் கொண்டுவந்த தாளில் ‘1.3’ என்று இருந்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்கு ஒரு ஆய்வகத்தில் வேலை காத்திருந்தது. எண்பது மதிப்பெண்ணாவது இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

"அங்க ஒண்ணுதாம்மா உசத்தி. அஞ்சு வாங்கினாத்தான் ஃபெயில்" என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். பெற்ற மகள் சொன்னால் நம்பிவிடுவதா? முன்பின் தெரியாத தாடியல்லவா சொல்ல வேண்டும்.

தாடி உச்சுக்கொட்டியது. நாட்டைக் கேட்டது, சுற்றியது, முத்தமிட்டது. தொண்ணூற்றொன்று ஆக்கலாமாம். ஆனால் தோஷம் கனமாம், காணிக்கையும் கனமாக வேண்டுமாம். அவளிடம் கனமாக இருந்தது ஒன்றே ஒன்று, வீட்டுக்குச் சோறு போடும் தையல் மெஷின். மறுநாள் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டு, தாளை நகலெடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

கடைக்கார அக்கா கதையைக் கேட்டுச் சிரித்தாள். "தொண்ணூத்தொண்ணா? அந்த மாத்துப் பட்டியல ஆபீஸ் சுவத்துலயே ஒட்டியிருக்காங்களே. வருஷா வருஷம் நான்தான் அடிச்சுக் குடுக்கறேன்."

"அது வெறும் காகிதம் அக்கா. இது தட்டு."

"சரி, அப்ப தட்டையே கேட்டுருவோம்."

மறுநாள் தையல்காரம்மாவும் மகளும் தள்ளுவண்டியில் மெஷினோடு வந்து சேர்ந்தார்கள். அக்கா இரண்டு தாள்களோடு வந்தாள். ஒன்று மகளுடையது. இன்னொன்று, கடைக்கு வந்த ஒரு நெட்டை மாணவனுடையது; அவனும் கூடவே வந்திருந்தான். இரண்டிலும் 1.3. இரண்டிலும் நாட்டின் பெயர்மேல் காகிதம் ஒட்டியிருந்தது.

"திசையத் தட்டே சொல்லட்டும் சாமி. ஞானக்கண்ணுக்கு ஒட்டுத்தாள் ஒரு தடையா?"

சாமியார் முழித்தார். நேற்றைய தாளைத்தான் இரண்டு நகலாக்கி வந்திருக்கிறாள் என்று நினைத்தார். சுற்றினார். முத்தமிட மறந்தே போனார். "ரெண்டுமே தொண்ணூத்தொண்ணு" என்றார்.

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "சாமி, நான் படிச்ச நாட்டுல அஞ்சுதான் உசத்தி. ஒண்ணுன்னா ஃபெயிலு. ஆனா தொண்ணூத்தொண்ணு கேக்க நல்லாத்தான் இருக்கு, மாத்திராதீங்க."

தெருவே உருண்டு புரண்டு சிரித்தது. அக்கா தட்டை வாங்கித் திருப்பினாள். அடியில் அதே பட்டியல், நாட்டுக்கு ஒரு கட்டமாய். ஓரத்தில் அவள் ஜெராக்ஸ் மெஷின் இழுக்கும் கறுப்புக் கோடுகூட அப்படியே இருந்தது.

தையல்காரம்மா அலுவலகச் சுவருக்கு ஓடினாள். விரல் வைத்துத் தேடினாள். மகள் படித்த நாடு, 1.3, நேர் எதிரே 91. மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

மகள் தள்ளுவண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

சாமியார் போன திசையை எந்தத் தட்டும் சொல்லவில்லை. விட்டுப்போன தட்டு அக்கா கடையில் சில்லறை போட உதவியது. மறுநாளே ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யார் என்கிறீர்கள்? கணக்கு வாத்தியார். அக்கா ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள்: ‘இது தட்டு’.

இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை பாருங்கள், அந்தச் சாமியார் செய்த அற்புதம் அது ஒன்றுதான்.

போய் வாங்க கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். பிள்ளைகள் சொல்வது பெரியவர்கள் காதில் விழட்டும். எந்தத் தட்டு வந்தாலும் திருப்பிப் பார்க்கிற கை, வீட்டுக்கு ஒன்றாவது இருக்கட்டும்.