மாமியாரின் ஈரல்

படித்தவன் தப்பு செய்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். என்னைப் போன்ற ஆள் செய்தால் வீட்டில் ஆயுசுக்கும் சிரிப்பார்கள்.

தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான் (வாத்தியார் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்). எண்பதுகளில் கிள்ளானில் சொந்த வேனில், ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், மருத்துவமனைகளில் மனித உடம்பிலிருந்து எடுக்கும் திசுத் துண்டுகளைக் கொண்டுவர ஆள் தேடியது. ஐஸ் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் ஏது? ஒரே நிபந்தனை: ஆராய்ச்சியாளரோ டிரைவரோ, திசுவைத் தொடுகிறவர் ஒருநாள் பயிற்சியில் தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடி மீன்தான்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. வெள்ளைக் கோட்டுப் பட்டதாரிகளுக்கு நடுவே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். யாருடையது, எந்த உறுப்பு என்று எழுதி ஒட்டாமல் எதையும் குளிர்ப்பெட்டியில் வைக்கக்கூடாது; உரியவரின் சம்மதம் இல்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. இரண்டும் மண்டையில் ஆணி அடித்ததுபோல் இறங்கின.

மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. மாமியார் கேட்டார் என்று காலையில் பாசாரில் வாங்கிய ஆட்டு ஈரல், வெயிலில் வேனுக்குள் கிடந்தது! ஓடிப்போய் எடுத்துவந்தேன். டப்பாவில் சட்டப்படி 'மாமியார் – ஈரல்' என்று எழுதி ஒட்டி, ஆராய்ச்சிக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்தேன்.

சாயங்காலம் டாக்டரம்மா அந்த டப்பாவைத் தூக்கிப் பிடித்தார்.

"இது ஆர் வச்சது?"

"நான்தான் டாக்டர்!" நெஞ்சை நிமிர்த்தி எழுந்தேன்.

"ஆருடைய ஈரல்?"

"எழுதியிருக்கே டாக்டர். என் மாமியாரோடது."

"சம்மதம் எடுத்தனீங்களோ?"

"எடுக்காமலா? அவங்களேதான் கேட்டாங்க லா!"

"அவ... இப்ப எங்கை?"

"பிரிக்பீல்ட்ஸ் வீட்ல. வெங்காயம் அரிஞ்சுகிட்டு இருப்பாங்க."

மூடியைத் திறந்தார். மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

கூடமே சிரித்து உருண்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சாப்பாட்டுச் சாமான் இதுக்குள்ள வைக்கக்கூடாதெண்டு காலமை முதல் வேலையாச் சொன்னனான்!" (அப்போது நான் முதல் வரிசையில் நாற்காலி பிடித்துக்கொண்டிருந்தேன்.) விதிப்படி ஈரலை எரிக்க அனுப்பினார். என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்த பயிற்சியில் தேறினேன், வேலையும் கிடைத்தது. என் சாப்பாட்டுப் பையை டாக்டரம்மா தானே சோதித்த பிறகுதான் உள்ளே விட்டார் என்பது வேறு கதை.

ஆனால் மாமியார் விடவில்லை. வயதான காலத்தில் கிளினிக்கில் ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வந்தால், கையை இழுத்துக்கொண்டு என்னைக் காட்டுவார்:

"என் ஈரலா? அதை மாப்ள அப்பவே எரிச்சிட்டாரு. அவரையே கேட்டுக்குங்க!"