ஒன்றரை மணி நேரத் தூரத்திலிருந்து

உபெர்னவிக் விமான நிலையம்,
வெள்ளிக்கிழமை, மூடுபனி.

பிறந்து மூன்று வாரமே ஆன என் மனைவி ரெகினேவுக்கு உன் கணவன் ஏனோக் எழுதிக்கொண்டது. இங்கு மூடுபனி சௌக்கியமாக இருக்கிறது, நானும் இருக்கிறேன். அங்கு நீயும், உன்னைப் பெற்ற நம் மகள் இவாலுவும், மாப்பிள்ளை மமருத்தும் நலமாக இருக்க ஆண்டவன் அருளட்டும்.

போன இலையுதிர்காலத்தில் நீ கண்ணை மூடியபோதே நம் ஊர் வழக்கப்படி முடிவாகிவிட்டது, நம் வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு உன் பெயர்தான், பெயரோடு நீயும் வந்துவிடுவாய் என்று. ஞாயிற்றுக்கிழமை கானாக் கோயிலில் ஞானஸ்நானம். இவாலு இதை வாசித்துக் காட்டும்போது நீ ரெகினேவாகியிருப்பாய், நான் பக்கத்தில் இல்லையென்று கத்திக்கொண்டிருப்பாய். விமானம் வந்தால் தபால் பைக்குத்தான் முதல் இடம், மிச்சமிருந்தால்தான் ஆளுக்கு. அதனால்தான் எழுதுகிறேன். கத்துவதற்கு முன் என் பக்கத்தையும் கேள்.

இங்கிருந்து கானாக்குக்கு ஒன்றரை மணி நேரம் என்று சொல்லித்தான் டிக்கெட் கொடுத்தார்கள். திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தேன், இங்கே பனி. செவ்வாய் இங்கே வெயில், அங்கே காற்று. புதன் இரண்டு ஊரிலும் வெயில், விமானத்துக்கு உடம்பு சரியில்லை. நேற்று ஏற்றியே விட்டார்கள், உங்கள் ஊருக்கு மேல் இரண்டு வட்டம் அடித்தது, கீழே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, திரும்பி வந்து ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டார்கள். மூன்று மணி நேரம் பறந்தும் ஓர் அடிகூட நகரவில்லை.

கவுண்டரில் இருக்கும் கிஸ்டாவிடம் போய் நின்றேன்.

"இன்னைக்காவது வருமாம்மா?"

"இம்மக்கா, பெரியவரே."

"நாளைக்கு?"

"இம்மக்கா."

'ஒருவேளை' என்ற அந்த ஒரே சொல்லுக்கு அவளுக்கு மாதச் சம்பளம். பக்கத்து இருக்கைக்காரன் வேறு, "நாய் இழுக்கிற சறுக்குவண்டி பூட்டியிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருக்கலாம்ல, மாமா?" என்கிறான்.

"ஜூன் மாசம் கடல் மேல ஐஸ் எங்கடா இருக்கு?"

"இம்மக்கா இருக்கும்."

உங்களுக்காகக் கொண்டு வந்த காய்ந்த ஹாலிபட் மீனைத் தின்றுதான் காலம் தள்ளுகிறேன். உனக்கு இன்னும் பல் முளைக்காததால் கோபிக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

எதற்கும் நேரத்துக்கு வராதவன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய், சொல்லிக்கொள். தெற்கே ஆஸ்பத்திரியில் நீ போனபோதும் நான் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன், ரெகினே. பனி விலகி வந்து சேர்ந்தேன், நீ இல்லை. நீ வரும்போதாவது வாசலில் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மன்னித்துவிடு. நேரத்துக்குப் பால் குடி. இவாலுவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் ஏனோக்

பின்குறிப்பு: இவாலு இப்போதுதான் போன் செய்தாள். பாதிரியாரும் வழியில் இலுலிசாட்டில் மாட்டிக்கொண்டாராம். எப்போது வருவார் என்றேன். "இம்மக்கா, அப்பா" என்கிறாள். ஆக, ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பெயர் கிடையாது. பெயர் வைக்கும்வரை நீ என் மனைவியும் கிடையாது, யாரோ ஒரு பாப்பா. மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தாமதம் உன்னுடையது, காத்திருப்பது நான். சீக்கிரம் வந்து சேர்.