கோழிக்கால் வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர்

லண்டன் பொலிஸை முழுமனதாக நம்பிய மனிதர் இந்த நகரத்தில் ஒரேயொருவர்தான். அவரும் யாழ்ப்பாணத்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். சொந்தப் பெயர் மறந்துபோகும் அளவுக்கு நாங்கள் அவரை 'இன்ஸ்பெக்டர்' என்றே கூப்பிட்டோம்.

மனோர் பார்க்கில் ஏழு அகதிகள், ஒரு வீடு, ஒரு தொலைக்காட்சி. அதில் லண்டன் பொலிஸ் பற்றிய தொடர் நாடகம் ஒன்று போகிற நேரம் வீடு தீப்பிடித்தாலும் அவர் எழும்ப மாட்டார். எங்களையும் எழும்ப விடமாட்டார்.

"பாருங்கோடாப்பா, கள்ளனைக் கதிரையிலை இருத்தித் தேத்தண்ணி குடுக்கிறாங்கள். பிறகுதான் கேள்வி. எங்கடை ஊரிலை முதல் அடி, பிறகும் அடி, கேள்வி கடைசியிலை."

ஒருநாள் குளிர்பெட்டியில் அவர் சமைத்து வைத்திருந்த கோழிக்கால் காணாமல் போனது. குசினி மேசை உடனே விசாரணை அறையாகிவிட்டது. பாட்டுக் கேட்கிற கசெட் ரெக்கோடரில் பதிவுப் பொத்தானை அமத்தி, "நேரம் ஏழு பத்து. அறையிலை நானும் சந்தேக நபரும்" என்று தொடங்கினார். ஆளுக்கொரு தேநீர், இரண்டு பிஸ்கட். என் முறை வந்தது. கோழி என் வயிற்றுக்குள் இருந்தது. பொய் சொல்ல வாய் வராமல், நாடகத்தில் பிடிபட்ட கள்ளர் பதில் சொல்ல மறுக்கிறபோது சொல்வதையே எடுத்துவிட்டேன்.

"நோ கொமென்ட்."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "அதுதான்ரா உன்ரை உரிமை! வாய் திறக்காட்டி இந்த நாட்டிலை உன்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது." கைகுலுக்கி விடுதலை செய்தார்.

அடுத்த மாதம் அவருடைய அகதி மனு மீதான விசாரணை. ஊரில் மனைவியும் மூன்று வயது மகளும் அந்த ஒரு நாளைத்தான் நம்பியிருந்தார்கள். விசாரணை முடிந்து பின்னேரம் மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணை கேட்டவங்கள்?"

"ஆமி முகாமிலை உனக்கு என்ன செய்தவங்கள் எண்டு கேட்டாங்கள். தேத்தண்ணி வேணுமோ எண்டும் கேட்டாங்கள்!"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நோ கொமென்ட்."

மொழிபெயர்ப்பாளருக்கு அன்று வேலையே இருக்கவில்லையாம். நான் தலையில் கை வைத்தேன்.

"அண்ணை, நீங்கள் கள்ளனே? நடந்ததைச் சொல்லத்தானே போனனீங்கள்!"

சிரிப்பு நின்றது. "சொல்ல வெளிக்கிட்டால் அழுதிடுவன், தம்பி. அந்தச் சொல்லு சுகமா இருந்தது."

மனு தள்ளுபடி. மேன்முறையீடு, அதற்கு மேலும் மேன்முறையீடு. அனுமதி கிடைத்துக் குடும்பம் வந்து சேரப் பதினொரு வருடம் போயிற்று. விமான நிலையத்தில் பதினான்கு வயது மகள் அவரை "அங்கிள்" என்று கூப்பிட்டாள். உரிமை என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

இப்போது ஏதோ ஒரு சானலில் அதே நாடகத்தை மத்தியானங்களில் திரும்பப் போடுகிறார்கள். ஆகா, அந்தக் காலம் என்று எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கு அந்தத் தொடக்க இசை கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். போன கிழமை பொறுக்க முடியாமல் இல்ஃபோர்டில் இருக்கும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அந்தக் கோழியைத் திண்டது நான்தான். அண்டைக்கே ஒப்புக்கொண்டிருந்தால் நீங்கள் அங்கை போய் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டியள்."

மறுமுனையிலும் அதே நாடகம் ஓடுகிற சத்தம். அவர் அதைக் குறைத்தார்.

"ஆர் திண்டதெண்டு அண்டைக்கே தெரியும். உன்ரை சேட்டுக் கையெல்லாம் கோழிக் குழம்பு. பசியிலை திண்டவனை என்னெண்டடா பிடிக்கிறது?"

இந்த நகரத்தில் நான் நம்பிய ஒரே பொலிஸ்காரர் அவர்தான்.